கண் முன்தள்ளி, மூக்கும் அடைத்தால்: ஸ்டீராய்டுக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காலையில் எழுந்ததும் ஒரு கண் வீங்கியிருந்தால் வீட்டில் முதலில் சொல்வது "பூச்சி கடிச்சிருக்கும்" என்பதுதான். அடுத்த யூகம் மெட்ராஸ் ஐ. பெரும்பாலான நேரம் இந்த யூகங்கள் சரியாகவே இருக்கும், சில நாளில் வீக்கம் வடிந்துவிடும். இந்தக் கட்டுரை வடியாத வீக்கத்தைப் பற்றியது. இமை மட்டும் வீங்காமல் விழியே முன்னுக்குத் தள்ளி வருகிறது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது. இதோடு மூக்கடைப்பு, இரத்தம் கலந்த சளி, கன்னம் மரத்துப்போவது, மேல்வரிசைப் பல்வலி என்று ஏதோ ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அப்போது கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியிலும், அதைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளிலும் நோய் இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நோய்கள் ஏழெட்டு இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்: சிவந்து, வீங்கி, முன்தள்ளிய கண். வைத்தியமோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, ஆனால் கிருமியை எதிர்க்கும் சக்தியையும் அடக்கிவிடும். ஒரு நோய்க்கு அதைக் கொடுத்தால் பார்வை பிழைக்கும். இன்னொரு நோய்க்கு அதே ஸ்டீராய்டு கொடுத்தால் உயிரே போகலாம். அதனால் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை இங்கே மிக முக்கியம். சைனஸும் பாதிக்கப்பட்டிருந்தால், ஸ்டீராய்டு தொடங்கும் முன் மூக்குக்குள் பார்த்தாக வேண்டும். எடுக்க முடிந்த இடத்திலிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பரிசோதித்தாக வேண்டும். வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும்.

குழியும் அதைச் சுற்றிய அறைகளும்

கண்குழி கூம்பு வடிவமான எலும்புக் குழி. பெரியவர்களுக்கு அதன் கொள்ளளவு சுமார் 30 மில்லி. விழி எடுத்துக்கொள்ளும் இடம் அதில் 7 மில்லிதான். மீதி இடத்தில் விழியை அசைக்கும் தசைகள், பார்வை நரம்பு, கண்ணீர்ச் சுரப்பி, இரத்தக் குழாய்கள், இவற்றுக்கு நடுவே கொழுப்பு. சுற்றிலும் எலும்பு என்பதால் குழி விரிந்துகொடுக்காது. உள்ளே எது வீங்கினாலும் இடம் கிடைப்பது முன்பக்கம் மட்டும்தான், அதனால்தான் விழி வெளியே தள்ளுகிறது. தள்ளியும் இடம் போதாதபோது பார்வை நரம்பு நசுங்குகிறது.

இந்தக் குழிக்கு மேலே நெற்றி சைனஸ், கீழே கன்ன சைனஸ், மூக்குப் பக்கம் எத்மாய்டு சைனஸ், ஆழத்தில் பார்வை நரம்பு மூளைக்குப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்பீனாய்டு சைனஸ். எத்மாய்டுக்கும் கண்குழிக்கும் நடுவிலுள்ள சுவர் 0.2 முதல் 0.4 மி.மீ. தடிமன்தான், கிட்டத்தட்ட கோழிமுட்டை ஓடு அளவு. அதிலும் நரம்பும் இரத்தக் குழாயும் போக இயற்கையாகவே துளைகள் உண்டு. கண்குழியின் தரை வழியாக ஒரு நரம்பு கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் மேல்பற்களுக்கும் போகிறது. கன்னம் மரத்துப்போயிருக்கிறது என்று நோயாளி சொன்னால் மருத்துவர் உஷாராவது இந்த நரம்பால்தான்.

ஆக, நோய் சைனஸில் தொடங்கிக் கண்ணுக்குப் போகலாம். கண்குழியில் தொடங்கி சைனஸுக்கும் போகலாம். உடல் முழுவதையும் பிடிக்கும் ஒரு நோய் இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் தலைகாட்டலாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் கணிசமான பேருக்கு சைனஸ் சவ்வு கொஞ்சம் தடித்துத்தான் இருக்கும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் குளிரிலும், பர்கூர் பக்கம் கிரானைட் தூசியிலும் வேலை செய்பவர்களில் மூக்கு ஒழுகாதவர்கள் எத்தனை பேர்? ரிப்போர்ட்டில் "சைனஸ் தடிப்பு" என்று ஒரு வரி இருப்பதால் மட்டும் கண் நோய்க்குக் காரணம் கிடைத்துவிட்டதாக நினைக்க முடியாது. கண் பாதித்த அதே பக்கத்தில் சைனஸும் நிறைந்திருக்கிறதா, நடுச்சுவர் அரித்திருக்கிறதா, சவ்வு கறுத்தோ பொருக்குத் தட்டியோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் கிருமி

எந்த மருத்துவரும் முதலில் ஒதுக்கிப் பார்க்க வேண்டியது பாக்டீரியா தொற்று. குழந்தைகளுக்குச் சளி பிடித்து, நாலைந்து நாளில் காய்ச்சலோடு ஒரு கண் வீங்கினால் அது எத்மாய்டு சைனஸிலிருந்து வந்த சீழாக இருக்க அதிக வாய்ப்பு. பெரியவர்களுக்குச் சொத்தைப் பல் வழியாகவும் வரும்: மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்ன சைனஸின் தரையை ஒட்டியே இருக்கிறது. 1970-ல் சாண்ட்லர் என்ற மருத்துவர் இந்தத் தொற்றை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். இமையோடு நிற்கும் வீக்கம், கண்குழிக்குள் பரவிய வீக்கம், எலும்புச் சவ்வுக்கு அடியில் சீழ், குழிக்குள்ளேயே சீழ், கடைசியாக மூளைக்குப் பக்கத்து இரத்த அறையில் உறைவு. இன்றும் மருத்துவர்கள் இதே கணக்கில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

வீட்டில் நமக்குத் தெரிய வேண்டியது முதல் நிலைக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வித்தியாசம். இமையை மெல்லத் திறந்து பார்த்தால் விழி வெள்ளையாக, எல்லாப் பக்கமும் அசைந்து, பார்வையும் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் முதல் நிலைதான். அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஆனால் பதற வேண்டாம். விழி அசைய மறுத்தாலோ, முன்தள்ளியிருந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மாவட்ட மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஒத்தடம், விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடுவது எதற்கும் அங்கே இடமில்லை. 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

அப்புறம் பூஞ்சை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்

கறுப்புப் பூஞ்சை என்ற பெயரை 2021 கோடையில் எல்லோரும் கேட்டோம். கொரோனா, கட்டுப்படாத சுகர், அதிகமான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த நேரத்தில் மியூகர் என்ற பூஞ்சை மூக்கில் நுழைந்து, சைனஸ் வழியாகக் கண்ணுக்கும் மூளைக்கும் போனது. அந்த மே மாதம் தமிழக அரசு அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அலை ஓய்ந்துவிட்டதால் நோயும் போய்விட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது கொரோனாவுக்கு முன்பும் இருந்தது, இன்றும் சுகர் ஏறிக் கிடக்கும் உடம்பில் வருகிறது. சுகர் நோயாளிக்கு முகத்தில் ஒரு பக்கம் வலி, கன்னம் மரத்தல், கண் வீக்கம், அண்ணத்தில் கறுப்புத் திட்டு என்று எது தெரிந்தாலும் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்று பொருள். இந்தப் பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடும், அதற்கு அப்பாலுள்ள திசு செத்துவிடும். நடுச்சுவர் எலும்பு அரிபடாமலே கூட இரத்தக் குழாய் வழியாகக் கண்ணுக்குத் தாவிவிடும். சி.டி. ஸ்கேனில் "எலும்பு நன்றாக இருக்கிறது" என்று வந்தால் அதை வைத்து நிம்மதியடைய முடியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது இன்னொரு பூஞ்சை நோய். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மண்ணிலும் காய்ந்த வைக்கோலிலும் தானியத் தூசியிலும் இருக்கும். சுகரும் இல்லாத, எதிர்ப்பு சக்தி குறையாத, நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கும் இது சைனஸில் மெல்ல மெல்ல வளர்ந்து, மாதக்கணக்கில் கண்ணை முன்தள்ளும். இந்தியா, பாகிஸ்தான், சூடான், சவூதி அரேபியா போன்ற வெப்பமும் வறட்சியும் உள்ள நாடுகளிலிருந்துதான் இந்த வகை பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது. காய்ச்சல் இருக்காது, வலி அதிகம் இருக்காது. ஸ்கேனில் கெட்டியான கட்டி போலத் தெரியும். பார்ப்பவருக்குப் புற்றுநோயோ, காரணம் தெரியாத அழற்சியோ என்றுதான் தோன்றும். அழற்சி என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் முதல் சில நாள் வீக்கம் குறைந்தே காட்டும். பூஞ்சையோ உள்ளுக்குள் தடையில்லாமல் வளரும். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் இந்த நோய்க்கு ஓரமாகத்தான் இடம் இருக்கும். கேழ்வரகு தூற்றுகிற, சோளத்தட்டு அடுக்குகிற நம் ஊருக்கு அதை நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

கிருமி இல்லாத அழற்சிகள்

கிருமி, பூஞ்சை இரண்டும் இல்லை என்றால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறான இடத்தில் வேலை செய்வதால் வரும் அழற்சிகள் மிச்சம். இவற்றில் மிக அதிகம் எழுதப்படும் பெயர் "காரணம் தெரியாத கண்குழி அழற்சி". பழைய ரிப்போர்ட்டுகளில் சூடோடியூமர் என்று இருக்கும். சில நாளில் திடீரென்று வலியும் சிவப்பும் வீக்கமுமாக வரும், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு கண்ணில். ஸ்டீராய்டுக்கு வேகமாகக் கேட்கும். ஆனால் மற்ற எல்லாக் காரணங்களையும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதற்குத்தான் இந்தப் பெயர் வைக்க வேண்டும். முக்கியமாக, இந்த நோய் கண்குழிக்குள்ளேயே நிற்கும் பழக்கம் உள்ளது. சைனஸுக்குப் போவதும் எலும்பை அரிப்பதும் அபூர்வம். ஸ்கேனில் சைனஸ் நிறைந்தும் எலும்பு அரித்தும் இருக்கும்போது ஒருவர் இந்தப் பெயரை எழுதினால், வேறு எதையெல்லாம் பார்த்து ஒதுக்கினீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

சைனஸும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்படும்போது கட்டாயம் நினைக்க வேண்டியது ஜிபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இரத்தக் குழாய் அழற்சி. முன்பு இதை வெக்னர் நோய் என்று அழைத்தார்கள், 2011-ல் பெயரை மாற்றினார்கள். மூக்கில் பொருக்குத் தட்டும், அடிக்கடி இரத்தம் கசியும், நாளடைவில் நடுமூக்கு அமுங்கிப் பள்ளமாகும். காது அடைக்கும். நுரையீரலில் கட்டிகளும் குழிகளும் வரும், சிறுநீரகம் பாதிக்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் செயலிழந்து உயிருக்கே ஆபத்து. நம் நாட்டில் இதற்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் குழி தெரிந்தவுடன் காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். சளியில் காசநோய்க் கிருமி கிடைக்காமல், மாத்திரை சாப்பிட்டும் குணமாகாமல், மூக்கிலும் இரத்தம் வந்துகொண்டிருந்தால் மறுபடி யோசிக்க வேண்டும். சிலிக்கா தூசியில் பல வருடம் வேலை செய்தவர்களிடம் இந்தக் குடும்பத்து நோய்கள் கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூசிதான் நோயைக் கொண்டுவந்தது என்று ஒரு தனி ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் குவாரியிலோ கல் பாலிஷ் போடும் இடத்திலோ வேலை பார்த்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது ஐஜிஜி4 நோய். 2001-ல் ஜப்பானில் ஒரு வகைக் கணைய அழற்சி உள்ளவர்களின் இரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். அப்புறம் அதே நோய் உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம் என்று பல உறுப்புகளில் வருவது தெரிந்தது. கண்ணில் வந்தால் வலி குறைவு, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் மேல் இமையின் வெளி ஓரம் மெத்தென்று வீங்கும். பலருக்கு வருடக்கணக்கில் சைனஸ் தொந்தரவோ ஆஸ்துமாவோ இருந்திருக்கும். கன்னத்துக்குப் போகும் அந்த நரம்பு ஸ்கேனில் தடித்துத் தெரிந்தால் இந்த நோயின் பக்கம் சந்தேகம் பலமாகச் சாயும்.

பல உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ், காசநோய் இரண்டும் இதே இடத்தில் வரக்கூடியவை. நெஞ்சு எக்ஸ்ரே பெரும்பாலும் அவற்றுக்கான துப்பைக் கொடுக்கும். தைராய்டு கண் நோய் கண் முன்தள்ளுவதற்கு மிகப் பொதுவான காரணம் என்பதால் இரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்த்துவிடுவார்கள். லிம்ஃபோமா என்ற புற்றுநோயும் சைனஸிலிருந்து வளரும் புற்றுநோய்களும் அழற்சி வேடம் போட்டு வரும். அவற்றை இங்கே விரித்து எழுதவில்லை, ஆனால் திசுப் பரிசோதனையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு அவையும் ஒரு காரணம்.

மருத்துவர் அறையில் என்ன நடக்கும்

காரிமங்கலம் பக்கம் நாற்பத்தைந்து வயது ஒருவர், மூன்று வாரமாக வலது கண் முன்தள்ளி, மூக்கு அடைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மருத்துவர் முதலில் நேரத்தைக் கேட்பார். மணிக்கணக்கா, நாள்கணக்கா, மாதக்கணக்கா? மணியும் நாளும் என்றால் கிருமியும் மியூகரும். நாள்களும் வாரங்களும் என்றால் அழற்சி. மாதங்கள் என்றால் மெதுவான பூஞ்சை, ஐஜிஜி4, கட்டி. இது கல்லில் எழுதிய விதி இல்லை, ஆனாலும் முதல் வடிகட்டி இதுதான். அப்புறம் சுகர், ஆஸ்துமா, தைராய்டு, காசநோய் இருந்ததா, எடை குறைந்ததா, மூட்டு வலிக்கிறதா, சிறுநீர் கலங்கலாகவோ சிவந்தோ போகிறதா, என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேள்விகள் போகும்.

கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் மிக முக்கியம். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் என்று சீட்டு இல்லாமல் வாங்கிய மாத்திரையிலும், பெயர் ஒட்டாத பொடியிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். பழைய அட்டை, பொட்டலம், ஊசி போட்ட சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். பரிசோதனை முடிவை எப்படிப் படிப்பது என்பதே இதைப் பொறுத்து மாறும்.

கண்ணைப் பரிசோதிக்கும்போது உங்களை உட்கார வைத்து, பின்னால் நின்று தலைக்கு மேலாகப் பார்ப்பார்கள். எந்தக் கண் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது அந்தக் கோணத்தில் நன்றாகத் தெரியும். ஹெர்டெல் என்ற அளவுகோலில் இரண்டு கண்ணுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும். விழி நேராக முன்னே வந்திருந்தால் நோய் தசைகளுக்கு நடுவில், கீழே வெளியே தள்ளியிருந்தால் மேலே உள்பக்க சைனஸில் என்று திசையை வைத்தே இடத்தை ஊகிப்பார்கள். ஆதார் அட்டைப் படமோ கல்யாண ஆல்பமோ இருந்தால் எடுத்துப் போங்கள், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். இரண்டாகத் தெரிவது ஒரு கண்ணை மூடினால் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் இரண்டு கண்ணும் ஒன்றாக அசையவில்லை என்று பொருள், தசையிலோ நரம்பிலோ கண்குழியிலோ சிக்கல் இருக்கிறது. அடுத்து, நல்ல சிவப்புத் தக்காளியை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் அதன் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால் பார்வை நரம்பு நசுங்கத் தொடங்கியிருக்கலாம். எழுத்து நன்றாகத் தெரிகிறதே என்று இருந்துவிடக் கூடாது, நிறம் முதலில் மங்கும்.

அப்புறம் காது மூக்கு தொண்டை மருத்துவர். மெல்லிய கேமரா குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்க்க, மருந்து தடவி மரக்க வைத்த பிறகு, சில நிமிடம்தான் ஆகும். கறுத்த, தொட்டால் வலிக்காத, இரத்தம் வராத திசு தெரிந்தால் மியூகர் என்று சந்தேகித்து அன்றே வேலையைத் தொடங்குவார்கள். பொருக்கும் சவ்வில் புண்ணும் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டையும் இருந்தால் ஜிபிஏ. கண் மருத்துவரிடம் மட்டும் அலைந்தவர்கள் பலர் இந்தச் சில நிமிடப் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் தாமதமாகிறார்கள். கண் நோய்க்கு மூக்கு டாக்டர் எதற்கு என்ற எண்ணம்தான் காரணம். கண் மருத்துவர் எழுதித் தராவிட்டால் நீங்களே கேளுங்கள்.

படமும் இரத்தமும் எவ்வளவு சொல்லும்

சி.டி. ஸ்கேன் எலும்பையும் சைனஸையும் தெளிவாகக் காட்டும். எம்.ஆர்.ஐ. பார்வை நரம்பு, தசை, மூளை உறை இவற்றைக் காட்டும். நோய் இரண்டு இடத்திலும் இருக்கும்போது இரண்டுமே தேவைப்படலாம், ஒன்றுக்கு மற்றொன்று மாற்று இல்லை. எலும்பு வழுவழுப்பாக விரிந்து கொடுத்திருந்தால் பல வருடமாக மெதுவாகத் தள்ளிய ஏதோ ஒன்று: சளி தேங்கிய பை, அல்லது ஒவ்வாமையால் வரும் பூஞ்சை சைனஸ். மூக்கின் நடுத்தண்டும் சுவர்களும் அரித்து, சுற்றிய எலும்பு தடித்தும் இருந்தால் ஜிபிஏ. எம்.ஆர்.ஐ.யில் சாய மருந்து ஏறாமல் மூக்கின் உள்சதை கறுப்பாகவே நின்றால் அந்தச் சதை செத்துவிட்டது, மியூகரைத் தேட வேண்டும். சாய மருந்து போடும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரத்தத்தில் சுகர், மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, இரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., கிரியாட்டினின், தைராய்டு, ஹெச்.ஐ.வி. இவை அடிப்படை. இவற்றோடு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை. செலவு மிகக் குறைவான அந்தப் பரிசோதனையில் இரத்தமும் புரதமும் தெரிந்தால் ஜிபிஏ சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று சந்தேகிக்கலாம். இதைத் தவறவிடுவது பெரிய இழப்பு. பிறகுதான் ஜிபிஏவுக்கான ஆன்கா (உடம்பின் வெள்ளணுக்களையே தாக்கும் எதிர்ப்புப் புரதம்), ஐஜிஜி4 போன்ற விலை கூடிய பரிசோதனைகள்.

இந்த இரண்டையும் அளவுக்கு மேல் நம்பக் கூடாது. நோய் மூக்கோடும் கண்ணோடும் நிற்கும் ஜிபிஏவில் ஆன்கா பலருக்கு நெகட்டிவாகவே வரும். காசநோயிலும் வேறு சில தொற்றிலும் பாசிட்டிவாக வரும். இரத்தத்தில் ஐஜிஜி4 அளவு டெசிலிட்டருக்கு 135 மில்லிகிராமைத் தாண்டினால் கூடுதல் என்று கணக்கு. ஆனால் அந்த நோய் நிச்சயமானவர்களிலும் ஒரு பகுதியினருக்கு அளவு சாதாரணமாக இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நோயே இல்லாமல் கூடும். போதாததற்கு ஜிபிஏ நோயாளிகளின் இரத்தத்திலும் திசுவிலும்கூட ஐஜிஜி4 கூடியிருக்கலாம். ஒரு ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்த எண்ணை மட்டும் பார்த்து நோய்ப் பெயரை முடிவு செய்தால் தவறான மருந்தில் போய் நிற்போம்.

திசு எடுப்பது

இங்கேதான் குடும்பங்கள் தயங்குகின்றன. "கத்தி பட்டா பரவிடும்" என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. பயாப்சி என்ற இந்தத் திசுப் பரிசோதனையைத் தவிர்த்ததால் வரும் ஆபத்துதான் இங்கே பெரிது. சைனஸும் பாதிக்கப்பட்டிருப்பதில் ஒரு வசதியும் உண்டு: கண்குழியைத் திறக்காமல் மூக்கு வழியாகவே பெரும்பாலும் திசு எடுத்துவிடலாம். மேலோட்டமான பொருக்கை எடுத்தால் "குறிப்பிடத்தக்கதாக இல்லை" என்றுதான் ரிப்போர்ட் வரும். அதனால் ஆழமாக, பல இடங்களிலிருந்து எடுப்பார்கள். அப்படியும் ஜிபிஏ போன்ற நோயில் முதல் முறையே தெளிவு கிடைக்காமல் மறுபடி எடுக்க வேண்டி வரலாம். அதை மருத்துவரின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடுத்த திசுவை எதில் போடுகிறார்கள் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் நுண்ணோக்கியில் திசு அமைப்பைப் பார்க்கலாம். ஆனால் கிருமி, பூஞ்சை எல்லாம் செத்துவிடுவதால் வளர்த்துப் பார்க்க முடியாது. அதனால் ஒரு பகுதி ஃபார்மலினிலும் இன்னொரு பகுதி வெறும் சலைன் நீரிலும் போக வேண்டும். சலைனில் போனதிலிருந்து கே.ஓ.ஹெச். என்ற காரத் திரவம் விட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனையில் பூஞ்சை இழையை அன்றைக்கே பார்த்துவிடலாம். அகலமான, தடுப்பில்லாத, கிட்டத்தட்டச் செங்கோணத்தில் கிளைவிடும் இழை மியூகர். மெல்லிய, தடுப்புள்ள, குறுகிய கோணத்தில் பிரிவது ஆஸ்பர்ஜில்லஸ் வகை. முன்னதற்கு ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தும் அறுவையும், பின்னதற்குப் பெரும்பாலும் வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து. காசநோய்க்கான ஜீன் பரிசோதனையும் அதே திசுவில் செய்யலாம். பல இடங்களில் திசு பாட்டிலை உறவினர் கையில் கொடுத்துத்தான் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரே ஒரு பாட்டில் மட்டும் தந்தால், கிருமிப் பரிசோதனைக்குத் தனியாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, திசு எடுக்கும் வரை ஸ்டீராய்டு தரவே கூடாதா? பார்வை நரம்பு நசுங்கிப் பார்வை வேகமாகப் போய்க்கொண்டிருந்தால் காத்திருக்க முடியாமல் போகலாம். அப்போதும் அதே நாளில் மூக்குக்குள் பார்த்து, சுகரைப் பார்த்து, பூஞ்சைக்கான வாய்ப்பை எடைபோட்ட பிறகே தொடங்குவார்கள், முடிந்தால் தொடங்கும் முன்பே ஒரு துண்டு திசுவையும் எடுத்துவிடுவார்கள். "ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் அழற்சி" என்ற பழைய வழிதான் ஆபத்தானது. லிம்ஃபோமாவும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும், பூஞ்சை வீக்கமும் சில நாள் குறையும், ஜிபிஏவும் ஐஜிஜி4-உம் குறையும். எல்லாம் குறைவதால் எது என்று தெரியாது. அப்புறம் எடுக்கும் திசுவும் தெளிவாகப் பேசாது.

எங்கே போவது

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண், காது மூக்கு தொண்டை, பொது மருத்துவம் மூன்று துறைகளையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம் என்பதால் தொடங்குவதற்கு அதுவே நல்ல இடம். கண்குழிச் சிறப்பு மருத்துவரும் வாதநோய்ச் சிறப்பு மருத்துவரும் தேவைப்பட்டால் சேலம், வேலூர், பெங்களூரு, சென்னை என்று அனுப்புவார்கள். ஓசூர்க்காரர்கள் பெங்களூருக்கும் அரூர்க்காரர்கள் சேலத்துக்கும் போவார்கள். போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு ஸ்கேன் படங்கள் பதிவான கம்ப்யூட்டர் தட்டையும் (CD) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரிண்ட் போட்ட ஃபிலிமில் முக்கியமான ஒரு துண்டுப் படம் இல்லாமல் போகலாம். தட்டில் எல்லாத் துண்டும் இருக்கும், இன்னொரு மருத்துவர் புதிதாகப் படித்துக்கொள்ள முடியும்.

இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டும், இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. திசுவை மெழுகில் பதித்து, சின்னக் கட்டையாக ஆய்வகத்தில் பத்திரப்படுத்தியிருப்பார்கள். வேறு ஊருக்குப் போகும்போது எழுத்து மூலம் கேட்டால் அந்த மெழுகுக் கட்டையையும் திசு ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு) தருவார்கள். நோயைக் கண்டுபிடிக்கத் திசுவில் போடும் ஐஜிஜி4 சாயமோ லிம்ஃபோமா சாயமோ பூஞ்சைச் சாயமோ முன்பு போடவில்லை என்றால், மறுபடி ஊசியும் கத்தியும் இல்லாமல் அதே கட்டையிலிருந்து சீவிப் போட்டுக்கொள்ளலாம். நோய் குணமாகி சில வருடம் கழித்துத் திரும்பினாலும், பழைய திசுவையும் புதிய திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் பயாப்சி எண் எழுதியிருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள்.